திமிங்கிலத்தின் மூச்சு நுரையீரலில் இல்லை

கேள்வி: கோடை விடுமுறை வந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலேயே கிடப்பார்கள். இந்த வருஷம் யார் அதிக நேரம் முங்கி இருப்பது என்று போட்டி. முங்குவதற்கு முன் இருபது, முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். திமிங்கிலம் இப்படித்தான் நுரையீரலை நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் தம் கட்டுகிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்தார்களாம். என் அண்ணன் மகனுக்கு 14 வயது. போன வாரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டான். மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்து, கை வெடவெடத்து, கேட்டதற்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழகப் பழக இது சரியாகிவிடும் அல்லவா?
— வாசகர், ஓமலூர்

பதில்: சரியாகாது. போட்டியை இன்றைக்கே நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு படிக்கலாம். உங்கள் அண்ணன் மகனுக்கு வந்தது களைப்பு அல்ல. மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்து, மயக்கத்தின் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறான். நீலம் பாரித்த உதடும், வெடவெடத்த கையும், தடுமாறிய பேச்சும் அதன் அடையாளங்கள். இன்னும் சில நொடி தாமதித்திருந்தால் அந்த மயக்கம் தண்ணீருக்குள் வந்திருக்கும்.

இனி திமிங்கிலத்துக்கு வருவோம். அது ஒரு மணி நேரம் தம் கட்டும் என்பது உண்மை. எண்ணெய்த் திமிங்கிலம் சர்வசாதாரணமாக முக்கால் மணி நேரம் முங்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. கூவியே அலகுத் திமிங்கிலம் என்ற இனத்தில் ஒன்று 222 நிமிடம் மூச்சில்லாமல் இருந்ததை 2020-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே இனத்தில் இன்னொன்று 2,992 மீட்டர் ஆழம்வரை போயிருக்கிறது. சேலத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு சேரும்போது நாம் ஏறியிருக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். எண்ணெய்த் திமிங்கிலம் இரை தேடி அவ்வளவு தூரம் நேர் கீழே போய்வருகிறது.

ஆனால் 'நுரையீரலை நிரப்பிக்கொண்டு' என்பது முழுத் தவறு. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரிய திமிங்கிலங்களின் நுரையீரல் நம்முடையதைவிடச் சிறியது. அதுமட்டுமல்ல, ஆழத்தில் அது வேலை செய்வதே இல்லை. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும், அதாவது சுமார் 33 அடிக்கும், தண்ணீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேட்டூர் அணையில் 120 அடி நீர் நிற்கும்போது அதன் அடியில் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நாலரை மடங்கு. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நூறு மடங்கு. அந்த அழுத்தத்தில் திமிங்கிலத்தின் விலா எலும்புக்கூடு உடையாமல் மடங்கிக்கொடுக்கிறது. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் காற்று, ரத்தத்தோடு கலக்க வழியில்லாத தடித்த மூச்சுக்குழாய்களுக்குள் ஒதுங்குகிறது. இதனால்தான் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து, மேலே வரும்போது குமிழியாகி உயிரை வாங்குவதும் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. அண்டார்ட்டிகாவின் கடல்வாழ் பாலூட்டியான வெட்டல் சீல் இன்னும் ஒரு படி மேல். முங்குவதற்கு முன் அது மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் போகிறது! அதன் மொத்த ஆக்சிஜன் இருப்பில் நுரையீரலில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீதம்தான். மனிதனிடம் கால் பங்குக்கு மேல் நுரையீரலில் இருக்கிறது. நாம் பையில் காற்றைக் கட்டிக்கொண்டு போகிறோம். அது வேறெங்கோ சேமித்துக்கொண்டு போகிறது.

எங்கே? ரத்தத்திலும் தசையிலும். ஒரு கிலோ உடல் எடைக்கு நம்மிடம் ரத்தம் சுமார் 70 மில்லி. ஆழம் போகும் சீல்களிடம் 200 மில்லியை ஒட்டி. தசையில் இருக்கும் சேமிப்பு அதைவிட வியப்பானது. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தின் பெயர் மயோகுளோபின். கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி சிவந்தும் இருப்பதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்புக்குக் காரணம் இதுதான். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையில் இது நம்முடையதைப்போலப் பத்து மடங்கு இருப்பதால் இறைச்சி கறுப்பாகவே தெரியும். இவ்வளவு கிடைத்ததால்தான் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கென்ட்ரூ இந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபினை எடுத்து, ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை 1958-ல் முதன்முதலாகக் கண்டார். 1962-ல் நோபல் பரிசு பெற்றார். சாதாரணப் புரதத்தை இப்படி நெருக்கி அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடும். முங்கும் பாலூட்டிகளின் மயோகுளோபினில் நேர்மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. 2013-ல் வெளிவந்த ஆய்வு இதை விளக்கியது. இது பல கோடி ஆண்டுகளில் பிறப்போடு வந்து சேர்ந்த உடல்வாகு. ஒரு கோடை விடுமுறையில் கிணற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்து பழகி வருவதல்ல.

சேமித்ததைச் செலவழிப்பதிலும் அது சிக்கனம். முங்கியதும் தசைகளுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தக்குழாய்கள் இறுகி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பப்படுகிறது. இதயம் மெதுவாகிறது. நீலத் திமிங்கிலத்தின் மீது கருவி ஒட்டி அளந்தபோது, ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டே துடிப்புவரை இறங்கியதை 2019-ல் பதிவு செய்தார்கள். நமக்கும் முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் துடிப்பு கொஞ்சம் குறையும். அந்த மிச்சத்தை நம்பி ஒரு நிமிடம் கூடுதலாகத் தங்க முடியாது.

இப்போது அந்த இருபது, முப்பது மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான பிள்ளையின் தமனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்துதான் இருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். வேகமூச்சு ஆக்சிஜனை ஏறக்குறைய எதுவும் கூட்டுவதில்லை. ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஆபத்து அங்கேதான். 'மூச்சு முட்டுது, மேலே போ' என்று நம்மைத் துரத்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு கூடுவது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு முங்கும் பிள்ளைக்கு அந்தத் தவிப்பே வராது. சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். ஆழக் கிணறு என்றால் இன்னொன்றும் சேர்கிறது. 33 அடி ஆழத்தில் இரண்டு மடங்கு அழுத்தம் இருப்பதால் நுரையீரலில் மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குப் போதுமானதாக இருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாகிறது, ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது நின்றுவிடுகிறது. அதனால்தான் நல்ல நீச்சல்காரப் பிள்ளைகள் அடியில் அல்ல, நீர்மட்டத்தை எட்டும் கடைசி சில அடிகளில் மயங்குகிறார்கள்.

திமிங்கிலமும் முங்குவதற்கு முன் பலமுறை மூச்சு விடுகிறதே என்று கேட்பார்கள். விடுகிறது. எண்ணெய்த் திமிங்கிலம் மேலே சுமார் பத்து நிமிடம் மிதந்து மூச்சு வாங்குவது, முந்தைய முங்கலில் காலியான ரத்தத்தையும் தசையையும் திரும்ப நிரப்ப. அதற்கு நிரப்ப இடம் இருக்கிறது, நமக்கு இல்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு, அதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் மூச்சு என்பது நினைத்து விடுவது. நினைவு போனால் மூச்சும் நின்றுவிடும். 1950-களில் டால்பின்களுக்கு முழு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோது மூச்சு நின்று அவை இறந்தன. டால்பின் தூங்கும்போதுகூட மூளையில் பாதியை மாற்றி மாற்றி விழிக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதன் நேர்மாறு. நினைவு போன பிறகும் உடல் தானாக மூச்சு இழுக்கும். தண்ணீருக்குள் இழுத்தால் உள்ளே போவது தண்ணீர்.

நம் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பவர்களை எண்ணிப் பாருங்கள். காலில் கல் கட்டி இறங்கினார்கள், ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் இருந்தார்கள், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கண்ணெடுக்காமல் நின்றார். தங்கை தாலியைக் காக்க மச்சான்தான் கயிறு பிடிப்பார் என்று சொல்வது வழக்கம். கடலையே தொழிலாகக் கொண்டவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

பிள்ளைகள் நீந்தட்டும், முங்கட்டும். நேரம் குறித்துப் போட்டி மட்டும் கூடாது. முங்குமுன் வழக்கம்போல் ஓரிரண்டு மூச்சு போதும். ஒருவன் முங்கும்போது இன்னொருவன் மேலே இருந்து அவனையே பார்க்க வேண்டும். அவன் வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் பார்க்க வேண்டும், மயக்கம் அப்போதும் வரும். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும், படியில் கட்டிய கயிறும், காற்றடைத்த லாரி டியூப் ஒன்றும் கிணற்றடியில் இருக்கட்டும்.

யாராவது மயங்கினால் தூக்கி வெளியே போட்டவுடன் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மல்லாக்கப் படுக்கவைத்து மூச்சு இருக்கிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். இல்லையென்றால் தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எழும்ப வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் தொடருங்கள். கூட இருப்பவர் 108-க்குச் சொல்லட்டும். கண் விழித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன கொஞ்சத் தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

உங்கள் அண்ணன் மகனை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று அவனுக்கு என்ன நடந்தது என்பதை நீலம் பாரித்த உதடு உட்பட ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.