அல்சூரில் இரண்டு இரவு தங்க ‘போலீஸ் அனுமதிக் கட்டணம்’ கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வார இறுதியில் நானும் ஹாஸ்டல் தோழியும் பெங்களூர் போகிறோம். அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் இரவுக்கு 800 ரூபாய்க்குத் தங்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னார். முன்பணமாக 500 ரூபாய் அனுப்பிவிட்டேன். இப்போது போலீஸ் அனுமதிக்கு ஆளுக்கு 350, மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து அழைத்துவர 600, இருவரின் ஆதார் இரண்டு பக்கமும், அதைக் கையில் பிடித்தபடி செல்ஃபியும் கேட்கிறார். வீட்டு அம்மாவிடம் பேசவேண்டும் என்றால், “அவங்களுக்கு நேரமில்லை, எல்லாம் நான்தான்” என்கிறார். அனுப்பலாமா? – மாணவி, சேலம்.

பதில் அளிப்பவர்: பெங்களூரில் வாடகைத் தகராறு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.

அனுப்பாதீர்கள் அம்மா. பணமும் வேண்டாம், ஆதாரும் வேண்டாம், அந்த செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போன 500 ரூபாயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு இரவு தங்கும் விருந்தாளிக்கு ‘போலீஸ் அனுமதி’ என்று ஒன்று கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டால், குடிவந்தவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நீங்கள் குடிவரவில்லை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் திரும்புகிறவர்கள். வீட்டு அம்மா உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து ஒரு நோட்டில் பெயரும் ஊரும் குறித்துக்கொண்டால் அது நியாயம், காட்டுங்கள். காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லி மூன்றாம் ஆள் காசு கேட்டால் அது மோசடி.

போன வருடம் தருமபுரியிலிருந்து வந்த ஒரு பையன் என்னிடம் ரோஸ் நிறச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். மேலே ‘விருந்தினர் அனுமதி’, கீழே ஊதா மையில் வட்ட முத்திரை. முத்திரைக்குள் காவல் நிலையத்தின் பெயரையே எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள். இதற்கு அவன் கொடுத்தது 350 ரூபாய். வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் யாருக்கும் அறை விடுகிறவர் இல்லை, இப்படி ஒரு விஷயம் நடப்பதே அவருக்குத் தெரியாது. பையன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு, மோர் கொடுத்து, கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். அவனுக்கு அன்றைக்கு அந்தப் பாட்டி கிடைத்தார். பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த நேரத்தில் தெருவில் பையோடு நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவரோடு நேரடியாகப் பேசாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. வீடியோ அழைப்பில் பேசுங்கள். வாசலுக்கு வந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். அண்ணாசாமி முதலியார் சாலையில், அல்சூர் ஏரிக்கு எதிரே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. “சங்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வரவேண்டும்?” என்று கேளுங்கள். அல்சூர்வாசி யோசிக்காமல் சொல்லிவிடுவார். அந்த ஏரிக்கரையில்தான் பதினெட்டு வருடம் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதைத் தெரியாத தமிழர் அந்த வட்டாரத்தில் இருக்கமாட்டார். வேறெங்கோ உட்கார்ந்துகொண்டு நெட்டில் எடுத்த படத்தை அனுப்புகிற புரோக்கர் இந்த இடத்தில் திணறுவார், அல்லது அழைப்பைத் துண்டிப்பார்.

அழைத்துவர 600 ரூபாய் என்பதும் கொள்ளைதான். 2025 ஆகஸ்ட் முதல் இங்கே ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூர் 8 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் 144 ரூபாய். இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. பகலில் வந்தால் ஆட்டோவே வேண்டாம், மெட்ரோ ஊதாத் தடத்தில் ஏறி ஹலசூரு நிலையத்தில் இறங்கலாம். அல்சூருக்குக் கன்னடத்தில் அந்தப் பெயர்தான். சேலம் பஸ் ஓசூர் வழியாக வந்தால் பொம்மசந்திராவிலேயே மஞ்சள் தடம் தொடங்குகிறது, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி மெஜஸ்டிக் வந்துவிடலாம். எப்படி வந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள்.

அடுத்தது ஆதார். எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் நகலை ஆதார் இணையதளத்திலேயே ஓடிபி போட்டு இறக்கிக்கொள்ளலாம். அதைக் காட்டினால் போதும். காகித நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், குறுக்கே ‘விருந்தினராகத் தங்க மட்டும்’ என்றும் தேதியும் எழுதிக் கொடுங்கள். 2022 மே மாதம் இதே பெங்களூரில் உள்ள ஆதார் மண்டல அலுவலகம், கண்டவரிடமும் நகல் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று மேலிடம் அதைத் திரும்பப் பெற்றது. நல்லதைச் சொல்லிவிட்டு இப்படிப் பின்வாங்கினால் ஜனங்கள் யாரை நம்புவார்கள்? அன்றிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

இனி, நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கவேண்டும். உங்கள் தோழி எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்? மலேசியா, இலங்கை, சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பேச்சும் முகமும் நம்மைப் போலவே இருப்பதால் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது. ஆனால் வெளிநாட்டுக் குடிமகன் ஒருவரைத் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் தெரிவித்தாக வேண்டும். சி படிவம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த 24 மணி நேரக் கணக்கு மாறவில்லை. ஹோட்டலோ வீடோ, காசுக்கோ சும்மாவோ, ஒரு இரவுதான் என்றாலும் விதி ஒன்றுதான். “சேலத்தில் கல்லூரி ஏற்கெனவே பதிந்துவிட்டதே” என்று உங்கள் தோழி சொல்லக்கூடும். அது அந்த ஊர்த் தங்கலுக்கு, இது இந்த வீட்டுக்கு. இணையத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படம் வேண்டும். வீட்டுக்காரர் முதலில் தன் பெயரில் கணக்குத் தொடங்கவேண்டும் என்பதால் நாலைந்து நாள் முன்பே சொல்லிவைப்பது அவருக்கு உதவி. சாதாரண வீட்டுப் பெண்மணிக்குப் புரிகிற மாதிரி அந்தப் பக்கத்தை அமைத்திருந்தால் புரோக்கர்களுக்குப் பாதிப் பிழைப்பு போயிருக்கும். அதைச் செய்ய ஆளில்லை. தோழி இந்தியர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

சரி, அந்த 500 ரூபாய். இன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அனுப்பிய செயலியில் பரிவர்த்தனை எண் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழியுண்டு. “திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று அந்த ஆள் சொன்னால் தொடாதீர்கள். பணம் வாங்க யாருக்கும் பின் எண் போடத் தேவையில்லை. காவல் நிலையத்தில், “பெங்களூரில் போய்க் கொடு” என்று விரட்டினால் நகராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தருமபுரிப் பையனை ஒரு நிலையத்தில் சைபர் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், சைபர் பிரிவில் மறுபடி அதே நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். 2,000 ரூபாய்க்கு மூன்று நாள் அலைந்தான். பிரிவு எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் புகாரை வாங்கினார்கள்.

ஒருவேளை அந்த வீட்டு அம்மா உண்மையிலேயே இருந்து, உங்களிடம் நேரில் பேசி, புரோக்கர் கேட்டது எதுவும் தனக்குத் தெரியாது என்றால், தாராளமாகப் போய்த் தங்குங்கள். இரவு எத்தனை மணிக்குள் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முகவரியையும் அவர் எண்ணையும் உங்கள் வீட்டிலும் ஹாஸ்டல் வார்டனிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு இரவுக்கான 1,600 ரூபாயை அறையைப் பார்த்த பிறகு அவர் கையில் கொடுங்கள்.