‘ஒன்லைன்’ எண்டா எங்கட சந்தியில இருக்கிற கொமினிகேசன் கடை

கேள்வி: நீங்கள் ஐடியில வேலை செய்யிற ஆள் எண்டால், உங்களோட வேலை செய்யிற ஆக்கள் ஒத்துக்கொள்ளாத உங்கட கருத்து ஒண்டைச் சொல்லுங்கோ.

சொல்லுறன். நாங்கள் எழுதுற அப், வெப்சைட் எல்லாம் கியூவை இல்லாம ஆக்கேல்ல. கந்தோர் வாசல்ல நிண்ட கியூவைத் தூக்கிக்கொண்டு போய் கொமினிகேசன் கடை வாசல்ல விட்டிருக்கிறம், அவ்வளவுதான். முந்தி கந்தோரில ஃபோம் பாத்த கிளாக்கருக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்தது, இப்ப அதே வேலையைச் செய்யிற கடைப் பொடியனுக்கு ஃபோம் நிரப்ப வாற கிழவி தன்ட சேலைத் தலைப்பில முடிஞ்ச காசை அவிழ்த்துக் குடுக்குது. இதை ஒருக்கா மீட்டிங்கில சொன்னன், எல்லாரும் கொஞ்ச நேரம் மியூட்டில இருந்திச்சினம், பிறகு ஒருத்தர் "மக்களுக்கு டிஜிட்டல் விழிப்புணர்வு காணாது" எண்டார். அந்த வசனத்தைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் கிளிநொச்சியில வட்டக்கச்சிப் பக்கம். கொரோனாவுக்குப் பிறகு வீட்டில இருந்துதான் வேலை, அதால ஊரில என்னைப் பற்றி "பாவம், கம்பஸ் முடிச்ச பொடியன், இன்னும் வேலை ஒண்டும் சரிவரேல்ல" எண்டு ஒரு கதை ஓடுது. விடிய எட்டு மணிக்கு சேட்டை உள்ள விட்டு வெளிக்கிட்டுப் போகாதவனை எங்கட ஆக்கள் உத்தியோகத்தில இருக்கிறவன் எண்டு எடுக்க மாட்டினம். சரி அது கிடக்கட்டும்.

எங்கட சந்தியில ஒரு கொமினிகேசன் கடை இருக்கு. பேர் ஏன் கொமினிகேசன் எண்டு இப்பத்த பிள்ளையளுக்குத் தெரியாது, முந்தி கனடாவுக்கும் லண்டனுக்கும் கோல் எடுக்கிற கடை அது, வெளியில வாங்கு போட்டு சனம் குந்தியிருக்கும். இப்ப அந்தப் பெட்டியளைக் கழட்டிப்போட்டு ரெண்டு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லமினேட் மெசின். ரீலோட், போட்டோ கொப்பி, ஏஎல் ரிசல்ட், கம்பஸ் அப்ளிகேசன், பாஸ்போட் ஃபோம், வெளிநாட்டில இருக்கிற மகன்ட வட்ஸ்அப்பைத் திருப்பி எடுத்துக் குடுக்கிறது, எல்லாம் அங்கதான். எங்கட ஊர்ப் பக்கம் "ஒன்லைன்ல செய்யலாம்" எண்டு ஒருத்தர் சொன்னால், அதின்ட அர்த்தம் "அந்தப் பொடியனிட்ட போங்கோ" எண்டுறது.

அந்தப் பொடியனிட்ட ஒரு சீஆர் கொப்பி, தடிச்ச மட்டை போட்ட கொப்பி, இருக்கு. அதுக்குள்ள எங்கட ஊரில அரைவாசிச் சனத்தின்ட ஈமெயில், பாஸ்வேட், ஐசி (அடையாள அட்டை) நம்பர் எல்லாம் நீலப் பேனையால எழுதி, மாத்தினதைச் சிவப்புப் பேனையால வெட்டி, வீதி வாரியா ஒழுங்கா இருக்கு. நான் முதல் தரம் கண்ட அண்டைக்கு நெஞ்சு இடிச்சுப்போட்டுது, நாங்கள் தகவலை மற்றவை வாசிக்கேலாம மாத்தி வைக்கிற என்கிரிப்சன் அது இது எண்டு மாதக் கணக்கா மண்டையை உடைக்கிறம், இங்க முழு டேட்டாபேசும் ரீ கப்புக்குப் பக்கத்தில கிடக்குது. "தம்பி இது பிழையடா, ஆரும் தூக்கிக்கொண்டு போனா என்ன செய்வாய்" எண்டன். அவன் சொன்னான், "அண்ணை, அந்த அம்மா பாஸ்வேட்டை மறந்தால் நீங்களா வந்து ரீசெட் பண்ணிக் குடுக்கப் போறியள்? ஓடிபி போறது டென்மார்க்கில இருக்கிற மகளின்ட பழைய சிம்முக்கு, அந்தச் சிம் எங்க கிடக்குதெண்டு மகளுக்கே தெரியாது."

எனக்கு மறுமொழி வரேல்ல. ஏனெண்டால் அந்த ஓடிபியைக் கட்டாயம் எண்டு வைச்சது என்னை மாதிரி ஒருத்தன். ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் சாகும்வரைக்கும் மாறாது எண்டு நினைச்சு வைக்கிறம். வன்னியில ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்மார்ட் போன், அது பின்னேரம்வரைக்கும் மகன்ட கையில, இரவு மகளின்ட ரியூசன் சூமில. எத்தனை தரம் இடம் மாறின சனம், சிம் மாறாமலா இருக்கும்?

பாஸ்வேட் கதை வந்தபடியா இதையும் சொல்லிப்போட்டு விடுறன், 90 நாளைக்கு ஒருக்கா மாத்தோணும் எண்டு வைக்கிறது பிரயோசனம் இல்லை, அப்பிடிக் கட்டாயப்படுத்தாதீங்கோ எண்டு அமெரிக்க அரசாங்கத்தின்ட தர நிர்ணய நிறுவனம் நிஸ்ட் 2017 இலயே எழுதி வைச்சிட்டுது. இன்னும் எத்தனை இடத்தில அது நடக்குது. மாத்தச் சொன்னால் ஆக்கள் கடைசியில இருக்கிற 1 ஐ 2 ஆக்குவினம், பொடியன் கொப்பியில சிவப்புப் பேனையால வெட்டுவான்.

எல்லாமே பிழை எண்டு நான் சொல்லேல்ல. 2022 இல பெற்றோல் கியூ நிண்ட நாளுகள் ஞாபகம் இருக்கும், பரந்தன் பக்கம் ரெண்டு நாள் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு அதுக்குப் பக்கத்திலயே பாய் விரிச்சுப் படுத்தனாங்கள். பிறகு யூலையில பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் பாஸ் வந்துது, முதல்ல மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. 4 லீற்றர் காணாதுதான், ஆனால் அந்தச் சாமான் வேலை செய்தது. ஏன் வேலை செய்தது எண்டு என்னோட வேலை செய்யிற ஆக்கள் டேட்டாபேஸ், சேவர் எண்டு கதைப்பினம். எனக்கு விளங்கினது வேற. போன் ஆற்ற கையில இருந்தது எண்டு பாருங்கோ. பெற்றோல் அடிக்கிற பொடியன்ட கையில. சனத்தின்ட கையில ஒரு துண்டுக் கடதாசி காணும். ஒருக்கா பதிஞ்சு பிரிண்ட் எடுத்து லமினேட் பண்ணி, சைக்கிள் திறப்போட கட்டித் தொங்கவிட்டால் சரி, சார்ஜ் வேண்டாம், டேட்டா வேண்டாம், பாஸ்வேட் வேண்டாம். எழுபது வயது ஐயாவும் ஒரு மாதிரி அதைத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போனார், அவருக்கு ஒரு விழிப்புணர்வும் தேவைப்படேல்ல. கஸ்டமான பக்கத்தை ஆற்ற தலையில வைக்கிறது எண்டதுதான் முழு டிசைனும், மிச்சம் எல்லாம் கலர் அடிக்கிற வேலை.

லமினேட் எண்டவுடன அம்மான்ட ஞாபகம் வருது. எங்கட வீட்டில முதல் பேக்கப் எஞ்சினியர் அவதான். இடம்பெயர்ந்த காலம் முழுக்க ஒரு பையை மட்டும் விடவே இல்லை, அதுக்குள்ள பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அப்பான்ட ஐசி, என்ட ஓஎல் சேர்ட்டிபிக்கற், எல்லாம் சொப்பிங் பேக்குக்குள்ள சொப்பிங் பேக்காச் சுத்தி. அரிசி விட்டவா, பானை சட்டி விட்டவா, 2009 இல முகாமுக்குள்ள போகேக்கயும் அந்தப் பை நெஞ்சோட இருந்தது. அது இல்லாமப் போன சனம் இன்னும் ஒரு சான்றிதழுக்குக் கந்தோர் கந்தோரா அலையுது. இப்ப ஒரு வெப்சைட் "மூலப் பிரதியை ஸ்கான் செய்து ஏற்றவும், 200 கேபிக்கு மேல போகக்கூடாது" எண்டு சிவப்பு எழுத்தில காட்டேக்க, 200 எண்ட இலக்கத்தை எழுதினவனுக்கு அந்தக் கடதாசி எந்த வழியால வந்தது எண்டு தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் நானும் 200 எண்டுதான் எழுதியிருப்பன், அதுதான் எங்கட தொழில்.

பேர்ப் பிரச்சினை இன்னொண்டு. எங்கட ஆக்களுக்கு தகப்பன்ட பேர் முன்னுக்கு வரும், சொந்தப் பேர் பின்னுக்கு. ஃபோமில "முதல் பேர், குடும்பப் பேர்" எண்டு ரெண்டு பெட்டி, ரெண்டும் கட்டாயம். நான் ஐசியில இருக்கிற ஒழுங்கிலயே நிரப்பினன், இப்ப கம்பனி ஈமெயில்ல இருந்து எல்லாத்திலயும் அப்பான்ட பேர்தான் முதல். மீட்டிங்கில அவரைத்தான் கூப்பிடுகினம், நான் ஓம் எண்டுறன். அவர் உயிரோட இருந்திருந்தால் சிரிச்சிருப்பார். எனக்கு இது பகிடி, ஆனால் ஒரு பத்திரத்தில ஒரு மாதிரி, மற்றதில வேற மாதிரி எண்டு பேர் மாறிப்போய், சத்தியக்கடதாசி முடிக்கக் காசு தேடுற பெட்டைக்கு அது பகிடி இல்லை. இன்னொரு வெப்சைட்டில பழைய ஐசி நம்பர்ட கடைசியில வாற ‘வி’ எழுத்தைச் சின்னனா அடிச்சால் பிழை எண்டு காட்டினது. ஒரு வரிக் கோட், சின்ன எழுத்தைப் பெரிசாக்கிற ஒரு வரி. அதை எழுதாததால எத்தனை பேர் திருப்பித் திருப்பி வந்திருப்பினம் எண்டு பொடியனைக் கேட்டுப் பாருங்கோ.

தமிழ் எண்டு வந்தால் இன்னும் கதை இருக்கு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யுனிகோட்டில தமிழ் 1991 இலயே ஏறிட்டுது, ஆனால் இப்பவும் எங்கட பக்கம் கனக்க ஆக்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் அடிக்கினம், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு அடிச்சால் அம்மா எண்டு வரும், பொடியன் அதை என்னைவிட வேகமா அடிப்பான். அதைக் கொப்பி பண்ணி ஒரு வெப்சைட்டில போட்டால் இங்கிலீசு எழுத்துக் குப்பையா வந்து விழும். பிறகு எஸ்எம்எஸ். இங்கிலீசில ஒரு மெசேஜுக்கு 160 எழுத்துப் போகும், தமிழ் எண்டால் 70 தான், அதுவும் மெசின் எண்ணுறது எங்கட எழுத்தை இல்லை, புள்ளியையும் தனியா எண்ணும், வணக்கம் எண்டுறது எங்களுக்கு அஞ்சு எழுத்து, அதுக்கு ஏழு. நான் ஒரு வேலைக்கு எஸ்எம்எஸ் பக்கம் எழுதினன், தமிழிலயும் போட்டன், ஒரு மெசேஜ் மூண்டாப் பிரிஞ்சு மூண்டு மடங்கு காசு எண்டு பாத்தவுடன வாடிக்கையாளர் சொன்னது "தமிழை எடுத்துவிடுங்கோ." எடுத்தன். இப்ப அம்மாவுக்கு எங்க இருந்து இங்கிலீசில எஸ்எம்எஸ் வந்தாலும் போனை நீட்டி "தம்பி இது என்னெண்டு பார்" எண்டுவா, நான் வாசிச்சுக் காட்டுவன். என்ட கோட்டுக்கு நானே மொழிபெயர்ப்பாளர்.

ஏஐ பற்றியும் கேப்பியள் எண்டு தெரியும். பொடியன் இப்ப கடிதம் எல்லாம் ஏஐ ஒண்டிட்டக் குடுத்துத்தான் எழுதுறான். முதல் கடிதத்தை என்னட்டக் காட்டினான், ஒரு அம்மான்ட மலசலகூடம் உடைஞ்சதுக்கு உதவி கேட்டு. அழகான தமிழ், ஆனால் "மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு" எண்டு தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் அட்டை எண்டு போகுது. அம்மா முரசுமோட்டையில இருக்கிறா, கடிதம் தமிழ்நாட்டில இருக்குது. பொடியன் சிரிச்சுக்கொண்டு வட்டாட்சியரைப் பிரதேச செயலாளர் ஆக்கி, மற்றவரைக் கிராம அலுவலர் ஆக்கி (சனத்துக்கு அவர் இப்பவும் விதானையார்தான்) அட்டையை வெட்டிப்போட்டு பிரிண்ட் எடுத்துக் குடுத்தான். எங்கட வேலை போகப் போகுது எண்டு கூட வேலை செய்யிற ஆக்கள் பயப்பிடுகினம், இருக்கலாம், என்ட வேலை போகும். அவன்ட வேலை போகாது, ஏனெண்டால் அந்த அம்மாவுக்கு வேண்டியது கடிதம் மட்டும் இல்லை, அதைக் கந்தோரில எந்த மேசைக்குக் கொண்டு போறது, அண்டைக்கு அங்க ஆக்கள் இருப்பினமோ எண்டதெல்லாம் சேத்துத்தான் அவவுக்கு வேண்டும்.

ஏஐ மாடல் 99 வீதம் சரி எண்டு எங்கட ஆக்கள் ஸ்லைட் போடேக்க எனக்கு முகமாலைதான் ஞாபகம் வரும். அங்க எங்கட அக்காமார் வருசக் கணக்கா முழங்கால்ல இருந்து கையால மண்ணை இழுத்து இழுத்து மிதிவெடி எடுக்கினம், முடிக்கிற இலக்கு 2028 எண்டு இருக்கு. 99 வீதம் துப்புரவு எண்டு எழுதிப்போட்டால் அந்தக் காணியில ஆர் கால் வைப்பினம்?

அப்பா இருக்கேக்க ஒரு கதை சொல்லுவார். சண்டை நேரம் எங்கட பக்கத்துக்குச் சாமான் விடாத பொருளாதாரத் தடைக் காலம், கரண்ட் இல்லை, பற்றறியும் தடை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் குடுத்து, ஒருத்தர் பெடலைக் கையால சுத்த மற்றவை சுத்திவர இருந்து பிபிசி தமிழோசை கேட்டவை. சுத்துறவருக்குக் கை உளைஞ்சால் செய்தி வாசிக்கிற குரல் தேய்ஞ்சுகொண்டு போகுமாம். எங்கட பக்கம் தொழில்நுட்பத்தோட ஒட்டாத சனம் எண்டு ஆரும் சொன்னால் இதைத்தான் சொல்லுறனான். ஒட்டாதது நாங்கள் அனுப்புற சாமான்.

பதிமூண்டு வருசமா, படிக்கேக்க இருந்தே எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, நான் கோட் எழுதுறன். அதில ஆக்கள் நாளாந்தம் பாவிக்கிறதை என்ட கண்ணால கண்டது ஒண்டே ஒண்டுதான், அதுவும் சம்பளத்துக்கு எழுதினது இல்லை. பொடியனுக்கு ஒரு சின்னச் சாமான் செய்து குடுத்தன், படத்தை இழுத்துவிட்டால் 200 கேபிக்குக் கீழ சுருக்கித் தரும், பாமினியில அடிச்சதை ஒட்டினால் யுனிகோட்டா மாத்தித் தரும், இன்ரநெற் இல்லாட்டியும் ஓடும். ஒரு பின்னேரத்து வேலை. போன கிழமை போகேக்க கடையில நாலஞ்சு பேர், அவன் திரும்பாமலே சொன்னான், "அண்ணை, அந்தப் பச்சை பட்டனைக் கொஞ்சம் பெரிசாக்கி விடுங்கோ, கரண்ட் போய் டோர்ச் லைற்றில வேலை செய்யேக்க தெரியுதில்லை." ஞாயிற்றுக்கிழமை செய்யோணும்.