வன்னிப் பாடசாலையொன்றில் ஆங்கில வகுப்புகள் ஒரு நாளில் எவ்வாறு நடக்கின்றன?

தரம் 3 முதல் சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை, வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியை அண்டிய கிராமப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில் என் அனுபவத்தை வைத்தே பதில் எழுதுகிறேன். எங்கள் வகுப்புகளில் ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். கேள்வி கேட்கும் வேலை பிள்ளையின் பக்கம் வருவதே இல்லை. பேச்சு அங்கேதான் நின்றுவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே என் பாடவேளைகளில் கேட்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன்.

காலையில் முதலில் தரம் 6. ஒரு துணிப்பைக்குள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளை மறைத்துக் கொண்டு போவேன். ஒரு நாள் பனங்கிழங்கு, இன்னொரு நாள் நெல் அளக்கும் கொத்து. அது என்னவென்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். நான் ஆம், இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன். முதலில் வருவது "இற் இஸ் ஹெவியா, ரீச்சர்?" என்பதுதான். தமிழில் எந்தச் சொல்லின் முடிவிலும் ஓர் ஆகாரத்தைச் சேர்த்துவிட்டால் கேள்வியாகிவிடும். பிள்ளை தனக்குத் தெரிந்த அந்த வழியையே ஆங்கிலத்துக்கும் கொண்டு வருகிறது. நான் அதைத் தடுப்பதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, "இஸ் இற் ஹெவி?" என்று அதே கேள்வியை மெதுவாக ஒரு முறை சொல்வேன். அடுத்த பிள்ளை "இஸ் இற் லோங்?" என்று கேட்கும். "கான் வீ ஈற் இற்?" என்ற கேள்வி வந்துவிட்டால் பனங்கிழங்கு அகப்பட்டுவிடும், வகுப்பும் அதிரும். பின்வரிசையில் எப்போதும் மௌனமாக இருக்கும் பிள்ளைகளே இதில் அதிகம் கேட்கிறார்கள். பதில் பிழைத்துவிடுமோ என்ற பயம் கேட்பவருக்கு இல்லை.

தரம் 8 இல் இறந்தகாலம் வருகிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. "போனாயா" என்ற ஒரே சொல்லுக்குள் காலமும், ஆளும், கேள்வியும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ காலத்தைத் தாங்கும் சொல் பிரிந்து வாக்கியத்தின் தலைக்குப் போக, வினைச்சொல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். இதைக் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் "டிட் யூ வென்ற்?" என்றே கேட்பார்கள். ஆகவே பிள்ளைகளை மட்டைகளுடன் வரிசையில் நிறுத்துகிறேன்: ஒருவர் "யூ", அடுத்தவர் "வென்ற்", அதற்கடுத்தவர் "ரு மாங்குளம்". "டிட்" மட்டையுடன் ஒரு பிள்ளை ஓடிவந்து முன்னால் நின்றவுடன், "வென்ற்" பிள்ளை தன் மட்டையைப் புரட்டிக் காட்ட வேண்டும். மறுபக்கத்தில் "கோ" என்றிருக்கும். புரட்ட மறந்தால் வகுப்பே கத்தும். அதன் பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, காலபோகத்துக்கு உங்கள் அப்பா எப்போது விதைத்தார், இம்முறை குளத்தில் தண்ணீர் வந்ததா, மாடு யார் வயலில் இறங்கியது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். வீட்டில் தினமும் பேசப்படும் செய்தி என்பதால், பொருளைத் தேடாமல் வாக்கியத்தில் மட்டும் கவனம் வைக்க முடிகிறது. வாடைக்காற்று மழை தகரக் கூரையில் விழும் நாட்களில் ஒரு குரலும் கேட்காது. அன்று கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைமாற்றுவார்கள்.

தரம் 11 இல் நிலைமை வேறு. சாதாரண தர ஆங்கில வினாத்தாள் இரண்டும் எழுத்தில்தான். பேச்சுக்குப் புள்ளி இல்லை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்கும்படி பெற்றோர் கேட்கிறார்கள், நானும் செய்விக்கிறேன். அவர்களில் பலருடைய படிப்பு 2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளில் அறுந்தது. பிள்ளை இந்தப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்ற அவர்களின் தவிப்பை நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

பின்னேரத்தில் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில், வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறேன். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. தமிழ் தெரியாத மேலதிகாரியுடன் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு அது அன்றாடத் தேவை. "இன்னொரு முறை சொல்லுங்கள்", "எந்த நாளைக்கு வேண்டும்?" போன்றவற்றையே அவர்கள் முதலில் பழக விரும்புகிறார்கள். அவையும் கேட்கும் வாக்கியங்கள்தான்.

உங்கள் மகள் தரம் 6 இல் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். "இங்கிலீசில் ஏதாவது சொல்லு பார்ப்போம்" என்று அவளிடம் கேட்காதீர்கள். உங்களுடைய அன்றைய நாளைப் பற்றி அவள் உங்களை ஆங்கிலத்தில் கேட்கட்டும். உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள், அது போதும்.