பல வருடம் ஷெட்டில் நின்ற பழைய பிரீமியர் பத்மினியை வாங்கியிருக்கிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒன்று: பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சிலிண்டர் சுவரில் துரு இருந்தால் பிஸ்டன் ரிங் போய்விடும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் என்ஜினைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் பழைய ஆயிலை மாற்றுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டிருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். அடியில் துரு இருந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் திரும்பத் திரும்ப அடைக்கும். பெட்ரோல் ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, கசிந்தால் தீப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்களையும் பிரேக் ஆயிலையும் மாற்றாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள். டயர் தேயாமல் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், அதன் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எலும்பு. அதனால் மிதியடியைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெயிண்டரிடம் போகுமுன் வெல்டரிடம் போங்கள். எலி கடித்த வயரிங்கை ஒட்டுப் போடாமல் புதிதாகவே இழுத்துவிடுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) சேஸி எண் என்று உள்ள அடையாள எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்பதைச் செலவு செய்யும் முன்பே சரிபாருங்கள்.