கார் ஏசியில் வருடா வருடம் காஸ் இறங்கிவிடுகிறது. ஓ-ரிங் மாற்றினால் சரியாகுமா, கூலிங் காயிலையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஓ-ரிங்கிலேயே, அதாவது பைப் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையத்திலேயே, சரியாகிவிடும். ஆனால் கசிவு எங்கே என்று கண்ணால் பார்க்கும் வரை ரிங்கையும் மாற்றாதீர்கள், காயிலையும் மாற்றாதீர்கள். இதே கேள்வியோடு மூன்று கோடை அலைந்தவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சித்திரையில் காஸ் நிரப்பியிருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசியை யாரும் தொடுவதில்லை. மாசி முடிந்து வெயில் ஏறியதும் ஸ்விட்சைப் போட்டால் சுடுகாற்று. கடைக்காரர் 'காஸ் காலி' என்று சொல்லி நிரப்பியிருப்பார். இரண்டாம் முறை போனபோது 'காயில் போயிடுச்சு, டேஷ்போர்டைக் கழற்றணும்' என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருப்பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தொழிலில் இருப்பவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையாக வேலை செய்கிற ஒருவரால்தான் என் கார் சரியானது. வீட்டில் நீங்களே செய்து பாருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் காஸ் திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. என் கார் ஏசியில் இருக்கும் காஸின் பெயர் ஆர்-134ஏ, அது கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாதம் ஒரு முறை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாள் சாத்தூர் தாண்டியதும் ஏசி நின்றது. கண்ணாடியை இறக்கினால் நாற்கர சாலையின் அனல் அப்படியே முகத்தில் அடிக்கிறது. அப்பாவுக்குப் பேச்சு சரியாக வராது. நல்ல கையால் சட்டைப் பித்தானைக் கழற்றப் பார்த்துக்கொண்டே வந்தார். திருமங்கலம் வரை அந்தக் கையைப் பார்த்தபடிதான் ஓட்டினேன்.

அந்த வாரமே ஒரு கடையில் காஸ் நிரப்பினேன். 'காஸ் இரண்டு வருஷத்தில் தானாகத் தீர்ந்துபோகும்' என்றார்கள். அடுத்த வருடம் மறுபடி. மூன்றாம் வருடம் வேறொரு கடையில் காயிலை மாற்றச் சொன்னார்கள், 14,000 ரூபாய். எங்கே கசிகிறது என்று நான் கேட்டதற்கு, அந்த ஆள் கூட வந்திருந்த என் தம்பியிடம் பதில் சொன்னார். கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், பணம் கொடுப்பதும் நான். தம்பிக்கு கியர் போடக்கூடத் தெரியாது. இது இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம் உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லி, ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீருறதுக்கு?"

எனக்கு அங்கேயே உறைத்தது. ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரஸர் காஸை அழுத்துகிறது, அது காரின் முன்பக்கம் இருக்கும் கண்டன்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது, அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, திரும்பக் கம்ப்ரஸருக்கே வருகிறது. இதில் எங்கேயும் காஸ் செலவாவதில்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் துளித்துளியாக ஊடுருவிப் போவது உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதனால் பல வருடங்களில் கூலிங் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். ஒரே வருடத்தில் காலியாகிறது என்றால் அது ஓட்டை.

அண்ணாச்சி பானெட்டைத் திறந்து டார்ச்சை அடித்தார். காஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுகிறது, அதனால் கசிகிற இடத்தில் ஆயில் கசிந்து தூசி பிடித்திருக்கும் என்றார். கண்டன்சருக்குள் பைப் நுழைகிற இணைப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு திட்டு. மூன்று வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கும். காஸ் நிரப்பும் வால்வு ஒன்றில் மூடியே இல்லை. முன்பு நிரப்பியவர்கள் எங்கோ போட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்த காஸை மெஷினில் இழுத்துக்கொண்டு, நைட்ரஜன் ஏற்றி 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிறுத்தினார். ஷாம்பூ கலந்த தண்ணீரைப் பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தடவினார். வால்வில் உடனே ஒரு குமிழி எழும்பி உடைந்தது. உள்ளே இருக்கும் பின், பைக் டியூப் பின் மாதிரிதான், அதன் சீல் போயிருந்தது. கண்டன்சர் இணைப்பில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. "அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பைப்பைச் சுற்றிக் கடுகு கடுகாக வெள்ளை நுரை கட்டியிருக்கிறது. மூன்று வருடம் என் பணம் போன வழி அது.

பத்து எம்.எம். போல்ட்டைக் கழற்றிப் பைப்பை உருவினார். பள்ளத்தில் கீறல் விழக்கூடாது என்று பிளாஸ்டிக் குச்சியால் ரிங்கை எடுத்து என் கையில் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் இரண்டு பக்கமும் சப்பையாகிக் கிடந்தது. நகத்தால் வளைத்தேன், ஒடிந்துவிட்டது. என்ஜின் சூட்டிலும் அதிர்விலும் வருடக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் திரும்ப உப்புகிற குணம் போய்விடும். குக்கர் கேஸ்கெட் இறுகிப்போனால் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி போகிறதே, அதேதான். அதற்காக யாரும் புதுக் குக்கர் வாங்குவதில்லை.

வாங்க வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான், இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மிக்சி ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தது. உள்ளே இருக்கும் சின்ன வாஷர்தான் போயிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் வாஷர் மட்டும் தனியாக வராது, முழு ஜார் 950 ரூபாய் என்றார்கள். நாலு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. முன்பெல்லாம் பஜாரில் பாத்திரக் கடைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து ஸ்டவ் வாஷர், குக்கர் கேஸ்கெட், மிக்சி புஷ் எல்லாம் மாற்றித் தருவார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நல்ல ஸ்டீல் ஜாரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை, இன்னும் பரணில் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்.

சரி, ரிங்குக்கு வருகிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் ரிங்கைப் போடக்கூடாது. ஆர்-134ஏ-வுக்கும் அதன் ஆயிலுக்கும் தாங்குகிற ஹெச்.என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் ரிங் வேண்டும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். பச்சையாக இருப்பதெல்லாம் ஹெச்.என்.பி.ஆர். என்று நம்பிவிடவும் கூடாது, பாக்கெட்டில் படித்துப் பாருங்கள். அளவும் தடிமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அண்ணாச்சி புது ரிங்கை விரலால் ஏசி ஆயில் தடவித்தான் உட்கார வைத்தார். உலர்ந்த ரிங்கைத் தள்ளினால் முறுக்கிக்கொண்டு வெட்டுப்படுமாம். கிரீஸ் தொடவே இல்லை. மரை போட்ட இணைப்புகளில் இரண்டு ஸ்பானர் பிடித்தார், ஒன்று பைப் திரும்பாமல் இருக்க. எல்லாம் அலுமினியம், முறுக்கினால் போச்சு. கைக்கு எட்டிய எட்டு ரிங், இரண்டு பின், கூடவே உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், எல்லாவற்றையும் மாற்றினார். ரிங் ஒன்று முப்பது ரூபாய்.

அப்புறம் 45 நிமிடம் வேக்யூம். உள்ளே ஈரம் இருந்தால் வெற்றிடத்தில் ஆவியாகி வெளியே வந்துவிடும். இங்கேதான் உங்களை எச்சரிக்க வேண்டும். சில கடைகளில் 'வேக்யூம் நிற்குது, லீக் இல்லை' என்பார்கள், எனக்கும் சொன்னார்கள். வேக்யூமில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது சுமார் 15 பி.எஸ்.ஐ. அளவுதான். ஏசி ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200 பி.எஸ்.ஐ.க்கும் மேலே போகும். 15-க்குத் திறக்காத கசிவு 200-க்குத் திறக்கும். அதனால் நைட்ரஜன் டெஸ்ட் கேளுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றுகிறேன் என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

காஸை எடை போட்டு ஏற்றினார். பானெட்டின் அடியில் ஸ்டிக்கரில் 400 கிராம் என்று இருந்தது, 400 கிராம்தான் போனது. அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் கண்ணளவில் ஏற்றி அதிகமானாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் நல்லதில்லை. பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டரை வென்ட்டில் செருகினேன். வெளியே 38 டிகிரி, உள்ளே வந்த காற்று 9. மொத்த பில் 4,200 ரூபாய். இரண்டு கோடை முடிந்துவிட்டது, காஸைத் தொடவில்லை. அப்பா முன்சீட்டில் தூங்கிக்கொண்டே மதுரை வருகிறார்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. பழைய ஆர்-12 காஸில் இருந்த குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974-ல் சொன்னதையும், அப்படிப்பட்ட காஸ்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததையும் வருடந்தோறும் பாடம் நடத்துகிறவள் நான். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு. ஒரு முறை கசிந்த 400 கிராம், 560 கிலோ கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். அது கசிகிறது என்று தெரிந்தும் மேலே மேலே நிரப்புவதை ஒரு தொழிலாகச் செய்கிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டின்னில் விற்கும் லீக் சீலன்ட் ஊற்றலாம் என்றும் ஒருவர் சொன்னார். அண்ணாச்சி அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும், காஸ் இழுக்கும் மெஷினையும் கெடுக்குமாம்.

எல்லாக் கசிவும் ரிங்கோடு தீராது, அதையும் மறைக்கவில்லை. கம்ப்ரஸர் கிளட்சைச் சுற்றி ஆயில் தெறித்திருந்தால், கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். மாதக்கணக்கில் ஏசியே போடாமல் விட்டால் அந்த சீல் காய்ந்துபோகும், அதனால் மழைக்காலத்திலும் வாரம் பத்து நிமிடம் போட்டு விடுங்கள். கண்டன்சரில் கல் பட்டு ஓட்டை விழுவதும் உண்டு.

காயிலுக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் எட்டாது. உங்கள் மெக்கானிக் காயில்தான் என்று சொன்னால், தண்ணீர் சொட்டும் ட்ரெயின் குழாயில் காஸ் கசிவை மோப்பம் பிடிக்கும் எலெக்ட்ரானிக் டிடெக்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் அது கத்தினால் மாற்றிவிடுங்கள், அப்போது அந்தச் செலவு நியாயம்தான். கத்தவில்லை என்றால் பானெட்டைத் திறந்து, ஆயில் திட்டு எங்கே என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.