விரலில் ஒரு கீறல்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் தங்கி வேலை பார்க்கிறேன், வயது 27. மூன்று வாரம் முன்பு ஒரு தோழியுடன் உறவு. ஆணுறை அணிந்திருந்தேன், கிழியவில்லை. ஆனால் அன்று காலை வெங்காயம் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டிருந்தது. தொடையிடுக்கில் ஷேவிங் கீறலும் உண்டு. எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்று தூக்கமே இல்லை. ஊரில் அம்மா பெண் பார்க்கிறார். டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே பயத்தில் சோறு இறங்காமல் மெலிந்துபோன ஒரு நண்பனோடு தாராவியில் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் விரல். எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே சீக்கிரம் வலுவிழக்கும் கிருமி. ரத்தம் கசியும் திறந்த காயத்தில் அடுத்தவரின் ரத்தமோ பிறப்புறுப்பின் ஈரமோ நேராகச் சேர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். காலையில் பட்ட சின்ன வெட்டு இரவுக்குள் காய்ந்து மூட ஆரம்பித்திருக்கும். ஆணுறை கிழியவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் பெரிய செய்தி. அதை ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஷேவிங் கீறலை அப்படி விட மாட்டேன். ஆணுறை மூடாத தோலில் ஹெர்பிஸ், சிபிலிஸ், மரு உண்டாக்கும் எச்.பி.வி. எல்லாம் உரசலிலேயே தொற்றலாம், கீறல் அதற்கு வழிவிடும். அங்கே புண்ணோ கொப்புளமோ தெரிந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காத புண் என்று விட்டுவிடாதீர்கள், சிபிலிஸ் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்றாவது ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். 28 நாள் சாப்பிடும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இருக்கிறது. இப்போது உங்களுக்கு அது தேவைப்படாது.

அப்புறம் டெஸ்ட். சயன் ஆஸ்பத்திரியில் ஐ.சி.டி.சி. என்கிற எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில் இலவசம். மூன்று மாதம் முடிந்து எடுத்து, இல்லை என்று வந்தால் அதை நம்புங்கள். என் நண்பன் நம்பாமல் ஐந்து முறை எடுத்தான். 'தப்புப் பண்ணிட்டேன்டா' என்று ஒரு ராத்திரி அழுதபிறகுதான் நிறுத்தினான். உங்கள் கடிதத்திலும் அம்மா வருகிற வரியில்தான் எனக்கு அந்தப் பயம் தெரிகிறது. வெட்கம் தடுத்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு போன் செய்யுங்கள், காசில்லை. ரிசல்ட்டை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

இன்னொன்று. கடிதம் முழுக்க அந்தப் பெண்ணிடமிருந்து உங்களுக்கு என்ன வந்திருக்கும் என்றே கேட்கிறீர்கள். அவரிடம் பேசினீர்களா? அவருக்கும் இதே மூன்று வாரம் ஓடியிருக்கிறது. டெஸ்டுக்கு இருவருமே போகலாம்.