பழைய பூச்சு எதுவென்று தெரியாத மரச்சாமான்கள்: கேள்வி பதில்

கேள்வி: பரம்பரையாக வந்த மேசைக்குப் புதிதாக பாலிஷ் போட வேண்டும். இப்போது இருப்பது அரக்கா, வார்னிஷா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பார்வையை நம்பாதீர்கள், நன்றாகத் தேய்த்துப் போட்ட அரக்கும், தின்னரில் கரையும் பூச்சான லாக்கரும் அனுபவசாலிகளையே ஏமாற்றும். மேற்பலகைக்குப் போட்ட அதே பூச்சு இருக்கும் மறைவான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் கலந்த பழுப்பு ஏறினால், அது மெழுகும் அழுக்கும்தான். அதை நீக்காமல் செய்யும் எந்தச் சோதனையும் தவறாகப் போகும். அடுத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட் (பாலிஷ் போடப் பயன்படும் ஆல்கஹால்) விட்டு ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, துடைக்கும்போது பூச்சே துணியோடு வந்துவிட்டால், அது அரக்கு. அசையாவிட்டால் வேறோர் இடத்தில் லாக்கர் தின்னரைச் சொட்டுங்கள்: கரைந்தால் லாக்கர், கரையாமல் சுருங்கிக் கொப்பளித்தால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ் அல்லது பெயின்ட், ஒன்றுமே நடக்காவிட்டால் பாலியூரித்தேன், மெலமைன் போன்ற கடினமான பூச்சு என்று கொள்ளலாம். தின்னர் அரக்கையும் இளக்கிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கேள்வி: பழையதைச் சுரண்டாமல், அதன் மேலேயே பூசலாமா?

பதில்: பழைய பூச்சு மரத்தை உறுதியாகப் பிடித்திருந்தால் தாராளமாகப் பூசலாம். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல்கள் போட்டு, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நாடாவில் செதில்கள் வந்தால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. வராவிட்டால், நன்றாகச் சுத்தம் செய்து, 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் மரத்தின் ரேகை வாக்கில் தேய்த்து, இயல்பாக அதில் இருக்கும் மெழுகை நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒரு கோட்டிங் கொடுங்கள். காய்ந்த பூச்சு ஏறக்குறைய எதுவாக இருந்தாலும் அரக்கு அதன்மேல் பிடித்துக்கொள்ளும். அரக்கின் மேலும் ஏறக்குறைய எல்லாம் பிடிக்கும். மெழுகு நீங்காத சாதாரண அரக்கின் மேல் பாலியூரித்தேன் சரியாக ஒட்டாது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். பழைய எண்ணெய் வார்னிஷின் மேல் நேராக லாக்கரைப் போட்டால், அதிலுள்ள தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கிவிடும்.

கேள்வி: புதிதாகப் பூசிய வார்னிஷ் அங்கங்கே விலகி, மீன்கண் போன்ற குழிகள் விழுகின்றன. பிரஷ் சரியில்லையா?

பதில்: பிரஷ்ஷின் மேல் பழி போடாதீர்கள். பளபளப்புக்காக முன்பு யாரோ அடித்த ஸ்பிரேயில் இருந்த சிலிக்கோன்தான் பெரும்பாலும் காரணம். ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, சுத்தம் செய்து, மேலே சொன்ன அரக்கால் அதை அடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் சாண்டிங் மெஷினால் தேய்த்துவிட்டால் இந்தச் சோதனைகளே வேண்டாமே?

பதில்: முதலில் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேற்புற ரேகை விளிம்பில் தொடராமல் ஒரு மெல்லிய கோட்டோடு நின்றுவிட்டால் அது வெனீர், அதாவது வேறொரு பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. இக்கால வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மெஷினை நம்பி நானே ஓர் இழுப்பறையின் முகப்பைக் கெடுத்திருக்கிறேன்: நகம் அளவுக்கு வெளிறிய அடிமரம் எட்டிப் பார்த்தது, அதை மறைக்க எந்தச் சாயமும் உதவவில்லை. பழைய பெயின்ட்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

கேள்வி: சொட்டுவிட்ட எண்ணெயை மரம் குடித்துவிடுகிறது. அப்படியென்றால்?

பதில்: பூச்சென்று மேலே படலம் எதுவும் இல்லை, எண்ணெய் மட்டும் ஊட்டிய மரமாகவோ, பூச்சு தேய்ந்துபோன மரமாகவோ இருக்கலாம். டர்பன்டைனால் துடைத்துக் காயவிட்டு, மறுபடி ஆளிவிதை எண்ணெயே போடலாம். ஆனால் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அவை காயும்போது தாமே சூடேறித் தீப்பற்றும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் வையுங்கள்.